சாடிக் கள்ளிக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

"கள்ளிதானே, பாலைவனத்துச் செடி, எங்கே வைத்தாலும் வளரும்" என்று யாழ்ப்பாணத்தில் பூச்செடி விற்கும் இடங்களில் அடிக்கடி சொல்லக் கேட்கலாம். அந்தப் பேச்சை நம்பி வாங்கிச் செல்கிறவர்களில் பலர், செடியை மேல்மாடிச் சீமெந்துத் தளத்தில் வெயில் நன்றாக விழும் மூலையில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் அது அடிப்பக்கம் பழுப்பாகிக் கூழாகிச் சரிந்ததும், தண்ணீர் கூடிப்போய்விட்டது என்றோ, தமக்குச் செடி வளர்க்கக் கைராசி இல்லை என்றோ முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தண்ணீரும் ஒரு காரணந்தான். ஆனால் தை மாதத்தில் எந்தத் தீங்கும் செய்யாத அதே அளவு தண்ணீர், வைகாசியில் ஏன் செடியைக் கொன்றது என்று கேட்டால், விடையை வெப்பநிலையில்தான் தேட வேண்டியிருக்கிறது.

நானும் ஒரு செடியை இப்படி இழந்தவன். சித்திரை மாதத்து ஒரு பிற்பகலில், விறாந்தைச் சுவரில் தொங்கிய வெப்பமானி 33 பாகை செல்சியஸ் காட்டிக்கொண்டிருந்த வேளையில், முற்றத்துச் சீமெந்தில் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் சாடியை நகர்த்தப் போனேன். விரலை வைக்க முடியவில்லை. மகனின் பாடசாலைப் பரிசோதனைக்கென்று வாங்கியிருந்த கண்ணாடி வெப்பமானியைக் கொண்டுவந்து, சாடியின் ஓரமாக மண்ணுக்குள் செருகிப் பார்த்தேன். சிவப்புக் கோடு மெல்ல ஏறி 47இல் நின்றது. மேலே உருண்டைக் கள்ளி பச்சைப்பசேலென்றுதான் இருந்தது. இரண்டு வாரம் கழித்துத் தொட்டபோது, அடியில் வேரென்று எதுவுமில்லாமல் அப்படியே கையோடு வந்துவிட்டது.

சுவர் சொன்ன 33க்கும் மண் சொன்ன 47க்கும் இடையிலுள்ள அந்த 14 பாகையைப் புரிந்துகொண்டால், சாடிக் கள்ளியைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி இரவைப் பற்றியது.

எதைக் கள்ளி என்கிறோம்?

நம் ஊரில் வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளியை ஒடித்தால் பால் வடியும். அது காக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. காக்டஸ் குடும்பத்துச் செடிகளில் முட்கள் தனித்தனியாகத் தண்டிலிருந்து கிளம்புவதில்லை. சிறு பஞ்சுத் திண்டு போன்ற ஒரு புள்ளியிலிருந்து கொத்தாக வெளிவருகின்றன. அந்தத் திண்டைப் பார்த்தால் அடையாளம் தவறாது. கடலோர மணலில் காணும் நாகதாளி உண்மையான காக்டஸ்; அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கு வந்து பரவியது. இந்தக் குடும்பம் முழுவதற்கும் அமெரிக்கக் கண்டங்களே தாயகம். ரிப்சாலிஸ் என்னும் தொங்கு கள்ளி ஒன்று மட்டும் ஆபிரிக்காவிலும் நம் இலங்கைக் காடுகளிலும் இயற்கையாகவே காணப்படுகிறது. இந்தக் கட்டுரையில் கள்ளி என்று வருமிடமெல்லாம் இந்தக் காக்டஸ் குடும்பத்தையே குறிக்கும்.

தாயகம் அமெரிக்கா என்றவுடன் கொதிக்கும் மணல்வெளியை மட்டும் மனத்தில் கொள்ளக்கூடாது. கள்ளிகள் வடக்கே கனடாவில் பனிக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன; அங்குள்ள ஒரு சிறு நாகதாளி இனம் உறைநிலைக்கு 30 பாகை கீழே போனாலும் பிழைத்துக்கொள்ளும். தெற்கே அந்தீஸ் மலைத்தொடரில் 4000 மீற்றருக்கு மேலும் கள்ளிகள் உண்டு. வேறு சில, மழைக்காட்டு மரக்கிளைகளில் தொற்றி நிழலில் வாழ்கின்றன. ஆகவே எல்லாக் கள்ளிக்கும் பொருந்தும் ஒரே எண்ணைத் தேடுவது வீண்வேலை. கடைகளில் சிறு சாடிகளில் கிடைக்கும் உருண்டைக் கள்ளிகள் பலவும் மெக்சிக்கோவின் மேட்டுநிலங்களிலிருந்தும் தென் அமெரிக்காவின் உயரமான பகுதிகளிலிருந்தும் வந்த இனங்கள். அங்கே பகல் சுடும். இரவு நன்றாகக் குளிரும். இந்த இரண்டாவது செய்தியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

காற்றின் சூடு வேறு, செடியின் சூடு வேறு

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நண்பகலில் தார் வீதியை வெறுங்காலுடன் கடந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வானிலை அறிக்கை 32 பாகை என்று சொல்லும். பாதம் வேறு கணக்குச் சொல்லும். அறிக்கை சொல்வது காற்றின் வெப்பநிலையை. அது வெயில் படாத, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிலத்திலிருந்து ஓர் ஆளின் நெஞ்சளவு உயரத்தில் அளக்கப்படுவது. வெயிலில் கிடக்கும் பொருள் காற்றின் சூட்டோடு நிற்பதில்லை. வெயிலைத் தானும் உறிஞ்சி அதற்கு மேலே போய்விடுகிறது.

சாதாரண இலையும் வெயிலில்தான் இருக்கிறது. அது ஏன் வேகவில்லை? ஒன்று, அது மெல்லியது; சிறு காற்றும் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். மற்றது, அது வியர்க்கிறது. இலையின் பரப்பிலுள்ள இலைவாய் என்னும் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாக வெளியேறுவதை ஆவியுயிர்ப்பு என்பார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ, ஏறக்குறைய அப்படியே இலையும் குளிர்கிறது.

கள்ளிக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. அதன் உடல் நீர் நிரம்பிய குடம் போலத் தடித்தது. மெல்லச் சூடேறி மெல்லவே ஆறும். நீரைச் சேமிப்பதற்காக அது பகலில் இலைவாய்களை மூடிவைத்திருப்பதால் வியர்வையும் இல்லை. காற்றடிக்காத நண்பகலில் அதன் சதை, சுற்றியுள்ள காற்றைவிட 10 முதல் 15 பாகை வரை கூடுதலாகச் சூடேறலாம். முட்களும் வெண்மயிர்களும் தண்டின் மேடுபள்ளமான வரிகளும் ஓரளவு நிழல் தந்து இந்தச் சூட்டைத் தணிக்கின்றன. குறிப்பாக, வளரும் நுனியைக் காப்பது அவற்றின் வேலை. முள்ளில்லாத வழவழப்பான இனங்கள் எளிதில் வெந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கள்ளி பெருஞ்சூட்டைத் தாங்கும் என்பது உண்மையே. படிப்படியாகச் சூட்டுக்குப் பழக்கப்பட்ட சில இனங்களின் தண்டு, ஒரு மணிநேரம் 60 பாகைச் சூட்டில் இருந்தும் பிழைத்திருக்கிறது. ஆனால் தாங்குவது வேறு, தழைப்பது வேறு. காய்ச்சலிலும் மனிதன் உயிரோடுதான் இருக்கிறான். அதற்காகக் காய்ச்சலை நல்ல உடல்நிலை என்று யாரும் சொல்வதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வெப்பமானியின் எண் காற்றுக்குரியது, கள்ளி வியர்க்காத தடித்த உடலுடையதாகையால் வெயிலில் அதைவிடப் பல பாகை சூடாகிவிடும், அது சாகாமலிருப்பதால் அதற்கு அந்தச் சூடு பிடித்திருக்கிறது என்று பொருளாகாது.

இரவில் வாசல் திறக்கும் செடி

பச்சைச் செடிகள் வெயிலையும் நீரையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் கொண்டு உணவு தயாரிப்பதை ஒளித்தொகுப்பு என்று பாடசாலையில் படித்திருப்போம். காபனீரொட்சைட்டு உள்ளே வருவதற்கும் வழி அதே இலைவாய்தான். வாயைத் திறந்தால் காற்று வரும், நீர் போகும். மூடினால் நீர் தங்கும், காற்று வராது. பெரும்பாலான செடிகள் நீர் போனாலும் போகட்டும் என்று பகலில் திறக்கின்றன. கள்ளி அப்படிச் செய்தால், மழையில்லா நிலத்தில் சில நாளில் வற்றிவிடும்.

அதனால் அது வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. வெயில் ஏறுமுன் குளிர்ச்சியில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து, வெயில் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் சமைக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கள்ளி இரவில் இலைவாயைத் திறந்து காபனீரொட்சைட்டை வாங்கி, மலிக் அமிலமாக மாற்றிச் சதைக்குள் சேர்த்து வைக்கிறது. பச்சை அப்பிளில் நாம் உணரும் புளிப்பு இந்த அமிலத்துடையதே. பகலில் வாயை மூடிக்கொண்டு, சேர்த்த அமிலத்திலிருந்து காபனீரொட்சைட்டை விடுவித்து, வெயிலின் துணையோடு உணவாக்குகிறது. இந்த முறைக்குக் கிரசுலேசிய அமில அனுசேபம் என்று பெயர்.

இதை முதலில் நாவால் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்னும் தாவரவியலாளர். இலை விளிம்பில் குட்டிச்செடிகள் முளைக்குமே, ரணகள்ளி என்பார்கள். அதன் இலை காலையில் கடித்தால் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதை 1813இல் அவர் கடிதமொன்றில் எழுதினார். ரணகள்ளி காக்டஸ் குடும்பத்துச் செடியன்று, ஆனால் இதே முறையில்தான் இயங்குகிறது. நம் பக்கத்து வெயிலில் நடந்த இந்தக் கண்டறிதல் நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியது என்று நான் எப்போதும் எண்ணுவதுண்டு.

இப்போது வெப்பநிலைக்கு வருவோம். சந்தை இரவில் நடப்பதால், கள்ளியின் வருமானத்தைத் தீர்மானிப்பதில் இரவின் சூட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. வறண்ட நிலத்துக் கள்ளிகள் பலவற்றுக்கு 10 முதல் 20 பாகை வரையான இரவே நல்ல இரவு. பழத்துக்காகப் பயிரிடப்படும் நாகதாளி இனத்துக்குப் பகலில் 25, இரவில் 15 பாகை அளவு மிகவும் உகந்தது. இரவு 30 பாகையை நெருங்கினால் இலைவாய்கள் சரியாகத் திறப்பதில்லை. உள்ளே வரும் காபனீரொட்சைட்டு பெரிதும் குறைந்துவிடும்.

வரவு குறைவதோடு செலவும் கூடுகிறது. செடி உயிர்வாழ்வதற்காகச் சேமித்த உணவை எரித்துச் சக்தி பெறுவதைச் சுவாசம் என்கிறோம். வெப்பநிலை 10 பாகை ஏறினால் இந்த எரிப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். சூடான இரவில் சந்தைக்குப் போக முடியாமல், வீட்டிலிருப்பதையும் இருமடங்கு வேகத்தில் தின்று தீர்க்கும் நிலை அது.

நம் குடாநாட்டை மூன்று பக்கமும் கடலும் உள்ளே கடல்நீரேரிகளும் சூழ்ந்திருக்கின்றன. நீர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விரைவாக விட்டுவிடாது. ஈரப்பதன் நிறைந்த காற்றும் போர்வைபோல நிலத்தின் சூட்டைத் தடுத்து வைத்திருக்கும். அதனால் வைகாசியிலிருந்து ஆவணி வரை பல இரவுகள் 27, 28 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. பாலைநிலத்தில் வறண்ட காற்றும் தெளிந்த வானமும் பகலின் சூட்டை வெளியே விட்டுவிடுவதால், பகலுக்கும் இரவுக்கும் 15 பாகைக்கு மேல் வேறுபாடு வரும். நமக்குச் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் நாலைந்து பாகை வந்தாலே பெரிது. யாழ்ப்பாணம் கள்ளிக்குப் பாலைவனத்தைப் போன்ற ஊர் என்ற எண்ணம் பிழையாவது இந்த இடத்தில்தான். நம் பகல் அதற்கு அப்படியொன்றும் கடுமையானதன்று. நம் இரவுதான் அதற்குக் கடினம்.

பல ஆண்டுகள் வைத்திருந்தும் பூக்காத கள்ளியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் இதில் ஒரு விளக்கம் உண்டு. உயரமான நிலத்து இனங்கள் பலவற்றுக்குப் பூ எடுக்கச் சில மாதங்கள் குளிர்ந்த, வறண்ட ஓய்வு தேவை. அது இங்கே கிடைப்பதில்லை. செடி நலமாக இருந்தும் பூக்காமலிருந்தால், வளர்ப்பவர் மீது குற்றமில்லை.

வேரின் கதை

தண்டு தாங்கும் சூட்டை வேர் தாங்காது. தரையில் நிற்கும் செடிக்கு இது பெரிய குறையன்று. நான்கு விரற்கடை ஆழத்துக்குக் கீழே மண் கணிசமாகக் குளிர்ந்திருக்கும். சாடியில் அந்த ஆழம் இல்லை. கறுப்புப் பிளாஸ்டிக் பக்கச் சுவர்கள் வெயிலை உறிஞ்சி உள்ளே தள்ளும்; கீழே சீமெந்துத் தளம் மாலை ஏழு எட்டு மணிக்குப் பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். கள்ளியின் மெல்லிய வேர்கள் ஓடி ஒட்டிக்கொள்வதோ சாடியின் உட்சுவரில்.

இந்த நிலையில் மண் ஈரமாகவும் இருந்துவிட்டால் மூன்று தீமைகள் ஒன்றுசேர்கின்றன. சூட்டால் வேரின் சுவாசம் வேகமாகி ஒட்சிசன் அதிகம் தேவைப்படுகிறது. நீர் நிறைந்த மண்ணில் காற்றுக்கு இடமில்லை, அதிலும் சூடான நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குளிர்ந்த நீரிலிருப்பதைவிடக் குறைவு. வேரை அழுக வைக்கும் பங்கசுகளோ இந்த வெதுவெதுப்பில் நன்றாகப் பெருகும். மூச்சு முட்டிய வேர் இறக்க, அழுகல் மேலேறித் தண்டுக்கு வருகிறது. முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே: தையில் அதே தண்ணீர் குளிர்ந்த மண்ணில் இறங்கிச் செடிக்கு உதவியது, வைகாசியில் சூடான மண்ணில் தங்கி வேரை மூச்சடைக்கச் செய்தது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பிளாஸ்டிக்கைவிட மண்சாடி நல்லது. அதன் சுவர் வழியே ஈரம் ஆவியாகி உள்ளே சற்றுக் குளிரும். பிளாஸ்டிக் சாடிதான் இருக்கிறது என்றால், அதை அகன்ற மண்சாடி ஒன்றுக்குள் வைத்து இடைவெளியில் மணலை நிரப்பலாம். எந்தச் சாடியையும் நேரே சீமெந்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியில் காற்றோடும். கலவை தண்ணீரைப் பிடித்துவைக்காமல் விடவேண்டும்; உப்பில்லாத பருமணலும் உடைத்த ஓட்டுத்துண்டும் பாதிக்கு மேல் இருப்பது நல்லது.

தண்ணீரைப் பொழுதுபட்டபின், சாடியைத் தொட்டுப் பார்த்துச் சூடு ஆறியிருந்தால் விடுங்கள். முற்றத்தில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தேநீர் போடும் சூட்டுக்குச் சற்றுத்தான் குறைவு. மேல்மாடித் தாங்கித் தண்ணீரும் பின்னேரம் மூன்று மணிக்கு அப்படித்தான். கிணற்றுத் தண்ணீர் கிடைப்பவர்கள் அதையே அள்ளி ஊற்றலாம்.

நம் ஊர் நாட்காட்டி

கள்ளி வளர்ப்பைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை தண்ணீர் விடுங்கள், குளிர்காலத்தில் 5 முதல் 10 பாகையில் காயவிடுங்கள் என்று அவை சொல்லும். அந்த அட்டவணையை இங்கே பின்பற்றினால், செடிக்கு மிகவும் கடினமான மாதங்களில் அதிகம் தண்ணீர் விட்டவர்களாவோம்.

நமக்கு வளர்ச்சிக் காலம் தை முதல் பங்குனி வரை. மாரி மழை ஓய்ந்து, வெயில் தெளிந்து, பகல் 30 பாகையைச் சுற்றியும் இரவு 22, 23 பாகை வரை இறங்கியும் இருக்கும் அந்த மூன்று மாதமே கள்ளி இங்கே வயிறார உண்ணும் காலம். சாடி மாற்றுவது, குட்டிகளைப் பிரித்து நடுவது, தாராளமாகத் தண்ணீர் விடுவது எல்லாவற்றையும் அப்போது செய்துவிட வேண்டும். நான் கார்த்திகையிலேயே சாடி மாற்றிப் பல செடிகளைப் பழுதாக்கிய பிறகே இந்த ஒழுங்குக்கு வந்தேன்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அப்போது பதினொரு மணி முதல் மூன்று மணி வரை கிடுகோ நிழல்வலையோ கட்டாயம் வேண்டும். காலை வெயில் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது. வைகாசி கழிந்து சோளகம் நன்றாக வீசத் தொடங்கினால் பகல் சூட்டின் கடுமை தணியும். காற்றே செடியின் உடம்பை ஆற்றிவிடும். மண்ணும் விரைவில் காயும். இரவு சூடாகவே இருப்பதால், காய்ந்த மண்ணைப் பார்த்துக் கை தாராளமாகிவிடக் கூடாது. ஐப்பசி முதல் மார்கழி வரை சூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மழை நேரே விழாத, வெளிச்சமுள்ள விறாந்தை ஓரம் போதும்.

மலைநாட்டிலிருந்து வரும் செடிகளுக்கு ஒரு தனிச்சொல். நுவரெலியாவின் குளிரில் வளர்ந்த செடியை வாங்கி வந்த அன்றே யாழ்ப்பாணத்து வெயிலில் வைத்தால், வெயில் பட்ட பக்கம் வெளுத்து, பிறகு மரப்பட்டை போன்ற பழுப்புத் திட்டாகும். அது வெந்த தழும்பு. மாறாது, ஆனால் பரவாது. முதல் வாரம் நிழலிலும், பின் இரண்டு வாரம் காலை வெயிலிலும் வைத்துப் பழக்கினால் இது நேராது. தொட்டால் கடினமாக இருப்பது தழும்பு. மெத்தென்று அமுங்குவது அழுகல். இரண்டாவதற்குத்தான் உடனே கத்தி எடுத்து, நல்ல சதை தெரியும் வரை வெட்ட வேண்டும்.

அலுவலக மேசையும் சில விதிவிலக்குகளும்

குளிரூட்டிய அறை மேசையில் சிறு கள்ளி வைப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. பகலில் அறை 24 பாகை, வெளிச்சம் போதாது. மாலையில் குளிரூட்டியை நிறுத்திக் கதவைப் பூட்டியதும் அறை வெதும்பி 30 பாகையைத் தொடும். சமைக்க வேண்டிய பகலில் அடுப்பு எரியவில்லை. சந்தைக்குப் போக வேண்டிய இரவில் புழுக்கம். செடி வெளிறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, விரல்போல நீண்டுகொண்டு போவதை வளர்ச்சி என்று பலர் மகிழ்வதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோவதும் தீர்வாகாது. திடீர் வெயில் அதைச் சுட்டுவிடும். அத்தகைய அறைக்கு வேறு செடி பொருத்தமானது.

சிவப்பு, மஞ்சள் நிறத் தலையோடு விற்கப்படும் ஒட்டுக் கள்ளியில், மேலே இருப்பதற்குப் பச்சையமே இல்லை. கீழேயுள்ள பச்சைத் தண்டுதான் அதற்கும் சேர்த்துச் சமைக்கிறது. அந்தத் தண்டு டிராகன் பழச்செடியின் உறவு. நம் சூடான இரவை ஓரளவு பொறுக்கும், நிறத்தலை நேர் வெயிலைப் பொறுக்காது. சிங்களத்தில் கடுபுல் என்றும் நம்மிடையே பிரம்மகமலம் என்றும் சொல்லப்படும் இரவு மலர்ச் செடியும் ஒரு கள்ளிதான். மரநிழல் வாழ்க்கை அதன் பிறவிக்குணம். அதைக் கிணற்றடி மாமர நிழலில் தொங்கவிட்டால் போதும்.

நம் ஊருக்கென்றே பிறந்ததுபோன்ற இனமும் ஒன்று உண்டு. முதிர்ந்ததும் உச்சியில் சிவந்த கம்பளித் தொப்பி வைத்தாற்போல மாறும் மெலோகாக்டஸ், கரீபியன் தீவுகளுக்கும் பிரேசிலின் வடகிழக்குக்கும் உரியது. அவற்றுள் பல இனங்கள் கடற்காற்றும் குளிராத இரவும் பழகியவை. 15 பாகைக்குக் கீழே போனால்தான் அவற்றுக்குத் துன்பம். வேரை இழந்த என் உருண்டைக் கள்ளி இருந்த அதே முற்றத்தில், இப்போது இரண்டு செங்கல் மேல் ஒரு மண்சாடியில் அது இருக்கிறது. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு அந்தத் தொப்பியிலிருந்து கடுகளவுக்குச் சற்றுப் பெரிதாக இளஞ்சிவப்புப் பூக்கள் எட்டிப் பார்க்கும். நான் தொட்டுப் பார்ப்பது சாடியின் சுவரை.